தேறாத சொல்

மார்ச் 4, செவ்வாய்

வெயிட் தேறவில்லை.

எத்தனையோ கடினமான சொற்கள் தேறியிருக்கின்றன. பள்ளிக்கூடம் போன முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிற சொல் இது. 'காத்திரு, பொறு, எதிர்பார்த்து இரு, தாமதி, உணவு பரிமாறு.' எழுதும்போது கை தானாக ஓடியது. நான்கு மணிக்குத் தொலைபேசியில் வாசித்தேன். மறுமுனையில் இருப்பவர் கடைசிவரை கேட்டார். பிறகு,

"ஸ்டே?"

"இல்ல."

"அப்போ தெரியலைங்க."

தெரியலையா? நேற்று 'வாய்ஸ்' என்ற சொல்லுக்கு நான் இரண்டாவது பொருளைத் தொடங்கும் முன்பே பிடித்தவர்.

அட்டையின் மூலையில் சிவப்புக் கோடு போட்டேன். மறுபடி எழுத வேண்டும்.

மார்ச் 5, புதன்

அம்மா வேலை செய்யும் பல் மருத்துவமனையில் டாக்டர் கேட்டாராம், உங்க பொண்ணு என்ன பண்றா என்று. அம்மா சொன்ன பதில்: "போன்ல விடுகதை போடற வேலை டாக்டர்."

கோபம் வந்தது. யோசித்தால் தப்பில்லை.

ஆங்கிலம் – தமிழ் அகராதி. எஸ்ஸிலிருந்து இசட் வரை என் பங்கு. ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழில் பொருள்களை அட்டையில் எழுதுகிறேன். நான்கு மணிக்குப் பதிப்பாசிரியர் தன் மேசையிலிருந்து ஓர் எண்ணைச் சுழற்றி என் மேசைக்கு இணைத்துவிடுவார். ஆங்கிலச் சொல்லைச் சொல்லாமல் தமிழ்ப் பொருள்களை மட்டும் நான் வாசிக்க வேண்டும். கேட்பவர் ஆங்கிலச் சொல்லைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் தேறியது. இதற்கு ஆசிரியர் வைத்த பெயர் கண்கட்டு. "தமிழ்லேர்ந்து அதே வார்த்தைக்குத் திரும்பிப் போக வழி இல்லைன்னா நீங்க எழுதினது அர்த்தம் இல்ல, அலங்காரம். முடிஞ்சுது."

எதைச் சொன்னாலும் கடைசியில் 'முடிஞ்சுது' என்பார். அதனால் எங்கள் அறையில் அவருக்கு முற்றுப்புள்ளி என்று பெயர்.

முற்றுப்புள்ளியின் இன்னொரு விதி: வாசிப்பவரும் கேட்பவரும் சந்திக்கக்கூடாது. பெயர் கூடாது, சொந்தக் கதை கூடாது. பழகிவிட்டால் பாதி சொல்லும்போதே புரிந்துவிடும். "அகராதி வாங்கறவன் உங்களோட பழகினவன் இல்ல. முடிஞ்சுது."

அதனால் அவருக்கு நான் மேடம். எனக்கு அவர் சார். இந்த நோட்டில் மட்டும் மறுமுனை.

மார்ச் 7, வெள்ளி

இரண்டாவது தடவை. 'காத்திரு' என்பதை முதலில் வைத்து, 'வரும்வரை ஓரிடத்தில் நில்' என்று சேர்த்தேன்.

"ஸ்டாண்ட்?"

இல்லை.

"சாரி மேடம்." குரலில் வருத்தம் இல்லை. வருத்தம் மாதிரி ஏதோ.

வாக், வால், வான்ட், வார், வார்ம் எல்லாம் பாதியிலேயே தேறின. இது மட்டும் சிவப்பு.

மார்ச் 10, திங்கள்

வீட்டுச் சாவியை அம்மா எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வாங்கப் போனவள் மருத்துவமனையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் சொல் உயிரோடு உலாவும் இடம் அல்லவா அது. நீல நாற்காலிகள். மீன் இல்லாத மீன்தொட்டி. கன்னத்தில் கை வைத்த மனிதர்கள். பல் வலிக்கிறவர்கள் யாரும் யாரோடும் பேசுவதில்லை.

அம்மா ஒவ்வொருவரிடமும் ஒவ்வொன்று சொல்கிறாள். "உக்காருங்க." "இதோ, ரெண்டே நிமிஷம்." "அடுத்தது நீங்கதான்." "டாக்டர் கை கழுவிட்டிருக்கார்." இத்தனையும் ஒரே சொல்லின் பொருள்கள். அகராதியில் எதுவும் இல்லை.

ஒருவர் எழுந்து வந்து மேசையைத் தட்டினார். "இன்னும் எவ்ளோ நேரம்மா வெயிட் பண்றது?"

ஆமாம். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். வெயிட் பண்ணு, வெயிட் பண்றேன், வெயிட் பண்ணியிருக்கலாம்ல. எந்தச் சொல்லுக்குத் தமிழ் தேடி ஒரு வாரமாகத் தவிக்கிறேனோ அதைத் தமிழென்றே நினைத்து நாடே பேசிக்கொண்டிருக்கிறது.

அம்மாவிடம் கேட்டேன்: "நீ யாரையாவது 'காத்திருங்க'ன்னு சொல்லியிருக்கியா?"

"ஐயையோ. சொன்னா எழுந்து போயிடுவாங்கடி."

"ஏன்?"

"காத்திருங்கன்னா டாக்டர் எப்ப வருவார்னு எனக்கே தெரியாதுன்னு அர்த்தம். இருங்கன்னா வந்துடுவார்னு அர்த்தம்."

பஸ்ஸில் வரும்போது முழுக்க இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கா என்றால் காவல். காத்திருக்கிறவள் எதைக் காவல் காக்கிறாள்? இன்னும் வராத ஒன்றை. திருட்டுப் போக அங்கே என்ன இருக்கிறது?

மார்ச் 11, செவ்வாய்

"ஹோல்ட்?"

இல்லை.

மார்ச் 13, வியாழன்

அகராதியில் எடுத்துக்காட்டு வாக்கியமும் வேண்டும். 'நீங்கள் வரும்வரை நான் இங்கேயே இருப்பேன்' என்று எழுதி வைத்திருந்தேன். முற்றுப்புள்ளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"யார் அந்த நீங்கள்?"

"சும்மா... ஒரு நீங்கள், சார்."

"பஸ்ஸு போடுங்க. பஸ்ஸுக்காகன்னு போடுங்க. பஸ்ஸுன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. முடிஞ்சுது."

பஸ் போட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

அவர் அறையை நான் காதாலேயே கட்டி வைத்திருக்கிறேன். தொலைபேசிக்குப் பக்கத்தில் ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம்: நாங்கள் பேச ஆரம்பித்துச் சற்று நேரத்தில் மணி அடிக்கும், உடனே மூட்டையை அவிழ்த்துக் கொட்டியது போலப் பிள்ளைகளின் சத்தம். எங்கோ ஒரு லிஃப்ட், கதவு மூடும்போது இருமுகிற லிஃப்ட். நாற்காலி மரம். ஆள் உயரம் என்றுதான் நினைக்கிறேன். குரல் மேலிருந்து வருகிறது. தொலைபேசியில் மேலென்ன கீழென்ன. இருந்தாலும்.

இன்று எல்லாம் வாசித்து முடிந்தபின் அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. என் ஜன்னலுக்குக் கீழே பஸ் நின்று பெருமூச்சோடு கதவைத் திறந்தது.

"அது எத்தனாம் நம்பர், மேடம்?"

பஸ் நம்பர் சொந்தக் கதை ஆகுமா? விதியில் இல்லை.

"பதினேழு."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு மெதுவாக, "பதினேழு எங்க தெருமுனை வரைக்கும் வரும்" என்றார். "அங்கதான் திரும்பும்."

வைத்துவிட்டேன்.

இதுவரை அவர் வேறு ஊரில் இருப்பதாக நினைத்திருந்தேன். யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. தூரமாக இருந்தால் பரவாயில்லை என்று நானே வைத்துக்கொண்டேன் போல. ஒரே பஸ். நான் தினம் அதில் இரண்டு நிறுத்தம் போய் இறங்கிவிடுகிறேன். அது என்னை இறக்கிவிட்டு அவரிடம் போகிறது.

மார்ச் 15, சனி

விடுமுறை. நான்கு மணிக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா எதிரில் உட்கார்ந்து ஒரே சட்டையை நான் மூன்றாவது தடவை மடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"யாருடி அது?"

"எது?"

"சரி. சட்டையைக் குடு."

மார்ச் 17, திங்கள்

வாசித்துக்கொண்டிருக்கும்போது அவர் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். "இருங்க, வந்துடறேன்" என்று ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். காலடி. தாழ்ப்பாள். யாரோ தண்ணீர் வருகிறதா என்று கேட்டார்கள். வரவில்லை என்றார். காலடி.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்."

நூறு வாட்டி சொல்லியிருப்போம் இதை, எத்தனையோ பேரிடம். இன்றுதான் கேட்டது. நான் திரும்பி வரும்வரை இரு. உயிரோடு இரு என்பதற்கும் நாற்காலியில் இரு என்பதற்கும் எனக்காக இரு என்பதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். அந்த இடைவெளியில் நான் இருந்தேன். வேறெதுவும் செய்யவில்லை. முழுசாக இருந்தேன்.

புதிய அட்டை: 'இரு' என்பதை முதல் பொருளாக வைத்தேன்.

"பீ?" என்றார்.

சிரித்துவிட்டேன். அவரும்.

மார்ச் 19, புதன்

முற்றுப்புள்ளி என் மேசைக்கு வந்தார். அவர் யார் மேசைக்கும் வருவதில்லை, கூப்பிடுவார்.

"அவர் வேகமா இருக்கார்."

"யார் சார்?"

"உங்களுக்குத் தெரியும். நீங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி சொல்லிடறார். வெதர், வீக், வெல். உங்க மூச்சை வச்சே கண்டுபிடிக்கிறாரா?"

"நல்லா எழுதியிருப்பேன் சார்."

"நாளைக்கு ஸ்பீக்கர்ல போடுங்க. நான் கேக்கறேன்."

முடிஞ்சுது என்று சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. ஆளை மாற்றிவிடுவார். அவருக்கு வேண்டியது ஒரு காது. எந்தக் காதாக இருந்தால் என்ன?

எனக்கு?

மார்ச் 20, வியாழன்

ஸ்பீக்கர். முற்றுப்புள்ளி எதிரில், கைகட்டிக்கொண்டு. என் குரலில் ஏதோ மாறியிருக்க வேண்டும், மறுமுனை உடனே புரிந்துகொண்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் நான் முழுவதும் வாசித்து முடிக்கும்வரை பேசாமல் இருந்து, பரீட்சை எழுதுகிறவர் போல நிதானமாகச் சொன்னார். வெட். வீல். வைட். எல்லாம் சரி. எல்லாம் அந்நியம். மணி அடித்தது, பிள்ளைகள் கொட்டினார்கள், நாங்கள் இருவரும் அதைக் கேட்காதது போல நடித்தோம்.

கடைசியில் என் சிவப்பு அட்டை.

"எக்ஸ்பெக்ட்?"

இல்லை.

முற்றுப்புள்ளி ஸ்பீக்கரை அணைத்தார். "எழுதினதுலதான் தப்பு. அவர் சரியாத்தான் இருக்கார்." சமாதானமாகிவிட்டார்.

எனக்குத்தான் இப்போது சமாதானம் இல்லை. 'எதிர்பார்த்து இரு' என்று தெளிவாக வாசிக்கிறேன். எக்ஸ்பெக்ட் வரை வந்தவர் இன்னும் ஓர் அடி வைக்க மாட்டாரா?

மார்ச் 24, திங்கள்

வொர்க், வேர்ல்ட், எழுதுகிற ரைட், ராங் தேறின. இயர். யெஸ். யெஸ்டர்டே. எல்லாம் ஓடுகின்றன. முன்பெல்லாம் அட்டைகள் குறைவது சந்தோஷமாக இருக்கும்.

மார்ச் 25, செவ்வாய்

ஜீரோ தேறியது. அகராதி முடிந்தது — ஒரே ஒரு சொல்லைத் தவிர.

அறையில் எல்லோரும் கை தட்டினார்கள். பக்கம் அமைக்கும் அக்கா என் தோளைத் தட்டி, "அந்த ஒண்ணையும் முடிச்சுட்டா நீ சுதந்திரப் பறவை" என்றாள். சுதந்திரப் பறவை. அது தேறினால் நான்கு மணிக்கு எனக்கு யாரும் இல்லை. பெயர் தெரியாது. எண் முற்றுப்புள்ளியின் மேசையில்.

அவர்கள் தேநீருக்குப் போன நேரத்தில் அட்டையை வாசித்தேன். முதல் அட்டையை. நான்காம் தேதி எழுதியதையே, ஓர் எழுத்து மாற்றாமல்.

"தெரியலைங்க" என்றார்.

"ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"உங்களுக்கு நிஜமாவே தெரியலையா?"

மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே வந்தார்கள். அந்தச் சத்தம் முழுவதும் அடங்கித் தெரு காலியாகும்வரை அவர் பேசவில்லை.

"தெரியலைன்னு சொன்னா நாளைக்கும் கூப்பிடுவீங்கல்ல?"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? முற்றுப்புள்ளியிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கண்கட்டு என்றால் நேர்மை. அதில்தான் இந்தப் புத்தகமே நிற்கிறது.

அளவுகோல் வைத்துச் சிவப்புக் கோடு போட்டேன். இவ்வளவு நேராக நான் எதையும் கோடு போட்டதில்லை.

மார்ச் 26, புதன்

நாளைக்கும் கூப்பிட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

தினம் ஒரே சொல். தினம் புதிய அட்டை. வேலை இவ்வளவு சந்தோஷமாக இருக்கலாமா? காலையில் எழுந்ததும் அதே சொல்லை இன்னொரு பக்கத்திலிருந்து பார்க்கிறேன். பொறு: வெயிட் என்றும் சொல்லலாம், மன்னித்துவிடு என்றும் சொல்லலாம். தாமதமாக வருகிறவன் இரண்டையும் கேட்கிறான். ஓட்டலில் பரிமாறுகிறவருக்கு இங்கிலீஷில் இதே சொல்லிலிருந்து பெயர். அடுத்தவர் சாப்பிட்டு முடிக்கும்வரை கைத்துண்டோடு சுவரோரம் நிற்கிறவர். 'வழி பார்' என்று ஒன்று இருக்கிறது. அதில் ஆளே கிடையாது, வழிதான். வெறும் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பது.

இன்று எழுதியது: 'வராததற்கு இடம் போட்டு வை.'

முற்றுப்புள்ளி தாண்டிப் போகும்போது எட்டிப் பார்த்தார். "இது அர்த்தமா, அழுகையா?"

நான்கு மணிக்கு மறுமுனை ரொம்ப நேரம் யோசித்தது போலப் பாசாங்கு செய்துவிட்டு, "ரயில் ரிசர்வேஷன்?" என்றார்.

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பக்கம் அமைக்கும் அக்கா திரும்பிப் பார்த்தாள்.

மார்ச் 31, திங்கள்

ஒன்றைக் கவனித்தேன். அவர் அந்தச் சொல்லைப் பேச்சுவாக்கில்கூடச் சொல்வதில்லை. ஊரே ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற சொல். "ஒரு நிமிஷம்" என்கிறார். "இருங்க" என்கிறார். "லைன்ல இருங்க" என்கிறார். வாய்க்குள் நெல்லிக்காயை ஒதுக்கி வைத்திருப்பவர் போல, அதைச் சுற்றியே பேசுகிறார்.

ஏப்ரல் 2, புதன்

எல்லாம் போச்சு.

முற்றுப்புள்ளியின் மனைவி வந்தார். இவர் வீட்டில் மறந்துவிட்டு வந்த கண்ணாடியைக் கொடுக்க. கைப்பையோடு நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். முற்றுப்புள்ளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முதலில் கண்ணில் பட்டது என் சிவப்பு அட்டைகளின் கட்டு.

"இவ்வளவா?" என்று எடுத்தார். அடியில் இருந்ததை, முதல் அட்டையை, மனைவியிடம் வாசித்தார். "இதுக்கு இங்கிலீஷ்ல என்னன்னு சொல்லு."

காத்திரு, பொறு, எதிர்பார்த்து இரு —

"வெயிட்" என்றார் அவர். "இதுகூடத் தெரியாதா? கல்யாணம் ஆனதிலேர்ந்து நான் பண்றதே அதுதானே."

அறையே சிரித்தது. முற்றுப்புள்ளியும் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

ஏன் பார்த்தேன்? நிமிர்ந்திருக்கக் கூடாதா. நானும் சேர்ந்து சிரிச்சிருக்கலாமே. அட, அவ்ளோதானா சார்னு சொல்லியிருக்கலாமே. ஒரு வார்த்தை. என் வாய்க்கு என்ன ஆச்சு?

நான்கு மணிக்கு மறுமுனையோடு முற்றுப்புள்ளியே பேசினார், தன் அறைக் கதவை மூடிக்கொண்டு.

ஏப்ரல் 3, வியாழன்

"அவருக்கு நன்றி சொல்லிட்டேன்" என்றார் முற்றுப்புள்ளி. "இனிமே கூப்பிட வேண்டாம்."

"சார், அவர் தப்பு —"

"தப்பா சொன்னா பரவாயில்ல. தெரிஞ்சே தப்பா சொன்னார். இனிமே அவர் சரின்னு சொன்ன ஒவ்வொண்ணையும் நான் சந்தேகப்படணும். எஸ்ஸிலேர்ந்து."

அது நியாயம். நியாயமாக இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

"உங்களை நான் ஒண்ணும் கேக்கல" என்றார். "முடிஞ்சுது."

முதல் அட்டையே அச்சுக்குப் போகிறது. காத்திரு, பொறு, எதிர்பார்த்து இரு. பஸ்ஸோடு.

ஏப்ரல் 4, வெள்ளி

நான்கு மணி. தொலைபேசி மேசைமேல் இருந்தது.

அவ்வளவுதான் இன்று.

ஏப்ரல் 7, திங்கள்

எண் கேட்கலாம் என்று முற்றுப்புள்ளியின் மேசை வரை போனேன். ஸ்டேப்ளர் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஸ்டேப்ளரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கேட்டுவிட்டேன். குரல் யாருடையதோ போல இருந்தது.

முற்றுப்புள்ளி ஸ்டேப்ளரைத் திறந்து ஊசி இருக்கிறதா என்று பார்த்தார். மூடினார்.

"அவர் அனுமதி இல்லாம அவர் நம்பரை நான் தரக்கூடாது. உங்க அனுமதி இல்லாம உங்க பேரையும் நான் தரல."

"என் பேரா?"

"கேட்டார்."

"எப்ப சார்?"

"நன்றி சொன்ன அன்னிக்கு. விதி விதிதான்னு சொல்லிட்டேன்." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இனிமே நாலு மணிக்கு உங்களுக்கு இங்க வேலை ஒண்ணும் இல்லையே. கொஞ்சம் முன்னாடியே கிளம்பலாம். முடிஞ்சுது."

கேட்டாராம்.

அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் இன்று துணியை ஒரே தடவையில் மடித்தேன். அம்மா அதையும் பார்த்தாள்.

ஏப்ரல் 9, புதன்

நான்கு மணிக்குக் கீழே பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தேன். ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்குத் தெரிந்தது ஒரு பஸ் நம்பரும், ஜன்னலுக்குக் கீழே ஒரு நிறுத்தம் இருக்கிறது என்பதும். பதினேழு எத்தனை நிறுத்தங்களில் நிற்கும்! எத்தனை ஜன்னல்களுக்குக் கீழே! இதை வைத்து யார் யாரைக் கண்டுபிடிக்க முடியும்?

பதினேழு வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. நேற்றைய மழை பெஞ்சின் ஓரத்தில் இன்னும் இருந்தது.

ஏப்ரல் 10, வியாழன்

மீசைக்கார ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். "மேடம், நேத்தும் இங்கதான் இருந்தீங்க. ஏறுறீங்களா, இல்ல பஸ்ஸை வேடிக்கை பாக்கறீங்களா?"

"ஒருத்தர் வரணும்."

"வருவாரா?"

"தெரியாது."

"அப்போ சரி" என்று கதவை மூடினார். எது சரி?

அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. டாக்டர் எப்போது வருவார் என்று தெரியாவிட்டால் காத்திருங்க. தெரிந்தால் இருங்க. நான் எதில் இருக்கிறேன்?

ஏப்ரல் 11, வெள்ளி

முடியவில்லை. ஏறிவிட்டேன்.

இரண்டாவது நிறுத்தத்தில் பழக்கத்தில் எழுந்து, மறுபடி உட்கார்ந்தேன். அதற்கப்புறம் எனக்குத் தெரியாத தெருக்கள். டயர் கடைகள், மரம் அறுக்கும் இடம், நீளமான ஒரு மதில். இந்தத் தெருக்கள் வழியாகத்தான் அந்தக் குரல் தினமும் வந்திருக்கிறது. பஸ் வளைந்து திரும்பி நின்றது. எல்லோரும் இறங்கினோம்.

பள்ளிக்கூடம் இருந்தது. நான் நினைத்ததைவிடச் சின்னது. பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள், வாசலில் ஒரு தண்ணீர்ப் புட்டி மட்டும் உருண்டு கிடந்தது. எதிரே மாடி வீடுகள், வரிசையாக, ஒரே மாதிரி. எத்தனை ஜன்னல்கள். முதல் கட்டடத்துக்குள் போய் லிஃப்டைக் கூப்பிட்டேன். இருமவில்லை. அடுத்ததில் லிஃப்டே இல்லை. மூன்றாவதில் கதவு மூடும்போது இருமியது.

அழுதுவிடுவேன் போல இருந்தது.

எந்த மாடி? எந்தக் கதவு? தட்டி என்ன சொல்வது? பெயர் தெரியாது, சார் இருக்காரா? காவலாளி வந்து, "யாரைப் பாக்கணும்?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு சொல்கூட இல்லை. எஸ்ஸிலிருந்து இசட் வரை.

ஏப்ரல் 15, செவ்வாய்

மீசைக்கார ஓட்டுநர் இன்று கதவைத் திறந்ததுமே என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"மேடம், வெள்ளிக்கிழமை எங்க போனீங்க?"

"ஏன்?"

"கடைசி நிறுத்தத்துல ஒருத்தர் என் பஸ்ல ஏறினார். இந்த ரூட்ல எங்கெல்லாம் பக்கத்துல ஆபீஸ் இருக்கோ அங்கெல்லாம் இறங்கி, மேல ஜன்னலைப் பாத்துட்டு, அடுத்த பஸ்ல ஏறினாராம். இங்க வந்து உக்காந்தவர் எழுந்திருக்கவே இல்ல. எந்த பஸ்ஸும் ஏறல. உங்க ஜாதிதான் போலன்னு நினைச்சேன்."

நான் அவர் தெருவில் லிஃப்டுகளை இருமவைத்துக்கொண்டிருந்த நேரம்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, இருட்டினப்புறம் போயிட்டார். மறுபடி வருவாரான்னு நான் கேக்கல மேடம். கேட்டிருக்கணுமோ?"

பின்னாலிருந்து கார்கள் ஹாரன் அடித்தன. கதவை மூடினார்.

நாளை அங்கே போவதா? மூன்றாவது கட்டடம் தெரியும் இப்போது. ஒவ்வொரு கதவாகத் தட்டலாம். அதே நேரத்தில் அவர் இங்கே வந்து உட்கார்ந்திருந்தால்? இரண்டு பேரும் போய்க்கொண்டே இருந்தால், நடுவில் பதினேழு மட்டும் சந்தோஷமாக ஓடிக்கொண்டிருக்கும்.

யாராவது ஒருவர் இருக்க வேண்டும்.

அதைத்தானே அவர் அன்று ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார். இருங்க, வந்துடறேன்.

சரி. இருக்கிறேன்.

ஏப்ரல் 16, புதன்

பெஞ்சின் இந்த ஓரத்தில் நான். அந்த ஓரத்தில் என் பையை வைத்திருந்தேன், இடம் போட்டு. காய்கறிப் பையோடு வந்த ஒரு பெண்மணி உட்காரப் பார்த்தார். "ஆள் வராங்க" என்றேன். எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

மேலே எங்கள் ஜன்னலில் முற்றுப்புள்ளி நின்றிருந்தார். நான் நிமிர்ந்ததும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போலக் கையை அசைத்தார். அந்த ஜன்னலில் செடி கிடையாது.

பதினேழு வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். உயரமானவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். பஸ் போய்விட்டது.

குள்ளமாக, கையில் மடித்த குடையோடு, ஒருவர் என் பைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஜன்னலைப் பார்த்தார். பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, தொண்டையைச் செருமி, மறுபடி தொடங்கினார்.

"ரொம்ப நேரமா வெயிட் பண்றீங்களா?"

அந்தக் குரல். அந்தச் சொல்.

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இல்ல" என்றேன். "இப்பதான் வந்தேன்."

அடுத்த பதினேழு வந்தது. மீசைக்காரர் கதவைத் திறந்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் மூடிக்கொண்டு போய்விட்டார்.